தண்டவாள அண்ணாச்சியின் இன்னொரு சங்கரன்கோவில்

உலகத்தில் இரண்டு சங்கரன்கோவில் உண்டு என்று அடித்துச் சொல்லும் ஒரே மனிதர் தண்டவாள அண்ணாச்சிதான். ஒன்று நாங்கள் குடியிருக்கும் ஊர். இன்னொன்று சவுதிப் பாலைவனத்தில், ஒரு ரெயில் பாதைக்கு அடியில்.

பன்னிரண்டு வருஷம் அங்கே தண்டவாளம் போட்டவர். தமிழன், நேபாளி, பாகிஸ்தானி, வங்காளதேசத்துக்காரன் எல்லோருக்கும் ஒரே கேம்ப். தண்டவாளத்தைத் தாங்கும் சிமெண்டுக் கட்டையைக் கிடத்துவதற்கு முன்னால், ஆளுக்கு ஒரு கட்டையின் அடிப்பக்கத்தில் தன் ஊர்ப் பெயரைப் பெயிண்டால் எழுதிவிடுவார்களாம். வேலை முடிந்ததும் எல்லோரையும் ஊருக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள். முதல் ரெயில் ஓடியது அதற்குப் பிறகுதான்.

"நம்ம ஊரு மேல ரெயிலு போனத நான் பாக்கவே இல்ல, வே" என்பார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் சிரிப்பு இருக்காது.

மற்றபடி ஆள் பெரிய தமாஷ். கட்டைக்குக் கட்டை கால் வைத்துப் பழகியதால் பஜாரிலும் அதே அளவில்தான் நடப்பார். அவரோடு சேர்ந்து நடக்க யாராலும் முடியாது. கல்யாணப் பந்தியில் உட்காருவதற்கு முன் குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடி, மேஜை வரிசை நேராக இருக்கிறதா என்று பார்ப்பார். கோணலாக இருந்தால், சாம்பார் வாளியோடு நிற்பவரையே ஒரு முனையைப் பிடிக்கச் சொல்வார். நாங்கள் பசியோடு நிற்போம்.

ஒருமுறை பிளாட்பாரத்தில் டீ குடித்துவிட்டுக் காலிக் கப்பைத் தண்டவாளத்தில் எறிந்தேன். அண்ணாச்சி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, அடியில எவன் ஊரு கெடக்கோ! எறங்கி எடுலே!"

நான் பேங்க் மேனேஜர். இறங்கி எடுத்தேன்.

போன வருஷம் எங்கள் ஸ்டேஷனில் புது லைன் ஒன்று போட ஜார்க்கண்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. சவுதியில் கற்ற இந்தியை வைத்துக்கொண்டு, சம்பளம் வாங்காத மேஸ்திரியாகத் தினமும் அங்கே நின்றார். அவர்களில் சுக்லால் என்ற நாற்பது வயதுக்காரர் ரொம்ப நெருக்கமாகிவிட்டார். அண்ணாச்சி சொல்லிச் சொல்லி, அவரும் ஒரு கட்டைக்கு அடியில் தன் ஊரான தோர்பாவின் பெயரை எழுதிக் கிடத்தினார். பிளாட்பார முனையிலிருந்து நாற்பத்தோராவது கட்டை.

வேலை முடிந்ததும் அவர்களும் ரெயில் ஓடுவதற்கு முன்பே கிளம்ப வேண்டியதாயிற்று.

"மொத ரெயில ஒனக்கு நான் காட்டுதேன், மக்கா. சத்தியம்" என்று கையில் அடித்தார் அண்ணாச்சி.

அந்த நாளும் வந்தது. சலவை வேட்டி கட்டி, புது போனோடு வந்தார். துணைக்கு நான். வீடியோ காலில் சுக்லால் குடும்பமே கூடியிருந்தது. ரெயில் நுழைந்ததும் அண்ணாச்சி போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு, எஞ்சின் தாண்டத் தாண்டக் கட்டைகளை எண்ணினார்.

"முப்பத்தொம்பது... நாப்பது... நாப்பத்தொண்ணு! ஒங்க ஊரு மேல போகுது பாருய்யா!"

சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். அந்தப் பக்கம் அவர்கள் ஏதோ கத்தியது ரெயில் சத்தத்தில் காதில் விழவில்லை.

கடைசிப் பெட்டியும் போன பிறகுதான் நான் போனைப் பார்த்தேன். கேமரா எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. அவ்வளவு நேரமும் தோர்பாவில் தெரிந்தது அண்ணாச்சியின் முகம் மட்டும்.

அண்ணாச்சி அப்படியே சுருங்கிப்போனார். "ஏமாத்திட்டேனே, மக்கா. ரெயிலு தெரியலையோ?"

அவரிடமே கற்ற தமிழில் சுக்லால் சொன்னார்: "ரெயிலு தெரியல, அண்ணாச்சி. ஒங்க மூஞ்சி தெரிஞ்சுது. போதும், வே."

அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தார். என் காலிக் கப்பை நான் வீடு வரைக்கும் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தேன்.