கேலக்ஸியைச் சரிசெய்தவர்

திருத்திகள் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் இருப்பார்கள். அடுத்த வீட்டுச் சுவரில் படம் சாய்ந்திருந்தாலும், அதை நேராக்காமல் இவர்களுக்குக் காபி இறங்காது.

சின்ன காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் திருஞானசம்பந்தம் இந்த இனத்தில் முதல் தரம். கருடசேவையில் ஊரே பெருமாளைக் கும்பிட்டுக்கொண்டிருக்க, இவர் மட்டும் குடை பிடிப்பவரைப் பார்த்து, "லெஃப்ட்ல சாயுதுபா!" என்று கத்துவார், பரோட்டா மாஸ்டருக்கு வட்டம் சொல்லித் தருவார், தாலி கட்டும் நேரத்தில் மேடையேறி மாப்பிள்ளையின் மாலையைச் சமப்படுத்துவார். கைக்கு எட்டாததால் மேகம் தப்பியது.

மேகத்துக்கு மேலே இருந்தது தப்பவில்லை.

வானியல் ஆராய்ச்சி செய்யும் கலையரசி ஒரு படத்தோடு வந்தாள். ஆறு வருஷமாக அவள் டெலஸ்கோப்பில் பார்த்துவரும் கேலக்ஸி: நடுவில் ஒளி, அதைச் சுற்றிச் சுருண்ட இரண்டு கைகள். அது அப்படியே முந்தானையில் வரவேண்டும். தன் கண்டுபிடிப்பை மாநாட்டில் சொல்லும் நாளில் அந்தப் புடவையைத்தான் கட்டப்போகிறாள்.

படத்தில் ஒரு கை பாதியில் முறிந்திருந்தது. திருஞானசம்பந்தத்துக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அறுந்த இழையை அப்படியே விடுவதா? முழுசாக்கினார். ஜரிகையில்.

புடவையை விரித்த கலையரசி திகைத்தாள்.

"ஐயா, இந்தக் கை..."

"பிசிறா இருந்துச்சும்மா. நானே சரி பண்ணிட்டேன்."

"அந்த உடைஞ்ச கைதான் ஐயா என் ஆராய்ச்சியே! பக்கத்து கேலக்ஸி இழுத்து உடைச்சிருக்குது."

"ஆறு வருஷமா பாத்துக்கினு சும்மாவா இருந்தீங்க?"

உள்ளேயிருந்து அவர் மனைவி நீலாம்பாள் குரல் கொடுத்தாள்: "ஏணி இருந்தா சொல்லும்மா, இந்த மனுசன் மேலயே போயி ஒட்டிட்டு வந்துடும்."

மாநாட்டுக்கு இருபதே நாள். மறுபடி தறியில் உட்கார்ந்தார். முறிந்த இடம் வந்ததும் இழையோட்டும் நாடா நின்றது, எழுந்துபோய் இரண்டு டீ குடித்துவிட்டு வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு முறிவை முறிவாகவே நெய்தார்.

கலையரசி கண் கலங்கக் கும்பிட்டாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"யாரு நெய்ஞ்சதுன்னு கேட்டா, என் பேரை மட்டும் சொல்லிடாதம்மா."

சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால், 'அந்த மனுஷன் முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அந்தப் பெண்ணும் விளக்கிச் சொல்லியிருக்கலாம்' என்று இதற்குள் இந்தக் கதையில் இரண்டு இடத்தைச் சரிசெய்துவிட்டீர்களே, அது எந்த இனத்தின் பழக்கம்?