வகுப்பு முழுவதும் ஒரே கருவாடு

ஆரம்பாக்கம்,
12-8-1972, சனிக்கிழமை.

சிரஞ்சீவி மாப்பிள்ளை லோகநாதன் அவர்களுக்கு மாமனார் ரங்கசாமி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் எருமையும் சௌக்கியம். அங்கே நீங்களும் மணியம்மாளும் பேரனும் அதே சௌக்கியத்தோடு இருக்க வேண்டும். உங்கள் கோபம் மட்டும் கொஞ்சம் மெலிந்து போக வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

"சார், பாத்துப் படிச்சா நல்ல பையன்றீங்க, பாத்து எழுதுனா திருடன்றீங்க. ரெண்டுத்துக்கும் கண்ணு ஒண்ணுதானே சார்?"

போன மாதம் உங்கள் கல்லூரிப் புகுமுக வகுப்பில் நான் பேச வந்த அன்று கடைசி பெஞ்சிலிருந்து பச்சையப்பன் கேட்ட கேள்வி இது. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் எதிரில் சைவ ஓட்டல் வைத்திருக்கிறாரே ராஜமாணிக்கம், அவர் மகன். அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலால்தான் இத்தனை பேஜாரும். "புதுப் பிள்ளைகள் அடுத்தவர் எழுதியதைத் தன்னுடையது என்று கொடுத்துவிடுகிறார்கள் மாமா, நீங்கள் வந்து பதமாகச் சொல்லுங்கள்" என்று அழைத்தவர் நீங்கள். பதமாகத்தான் சொன்னேன். பக்கத்துக் கழனியில் விளைந்த நெல்லை அறுத்து உங்கள் களத்தில் போட்டுக்கொள்வீர்களா என்று கேட்டேன். ஆரம்பாக்கத்துப் பையன் ஒருவன் எழுந்து, "அறுப்பு வந்தா எங்க கழனிக்கு அவங்க வருவாங்க, அவங்க கழனிக்கு நாங்க போவோம், இதுல இன்னா சார் கீது?" என்றான். வகுப்பே சிரித்தது. நெல் உதவாது என்று கண்டு, உடனே ஏரிக்குத் தாவினேன். அந்த நொடியில் எனக்கே தோன்றிய உதாரணம் அது.

பழவேற்காட்டு ஏரியில் இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார்தான் வலை போடலாம் என்று முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து படிக்க வந்திருக்கும் முத்தம்மாளைப் பார்த்து, "அடுத்தவர் பாட்டில் நீ வலை போடுவாயா அம்மா?" என்றேன். "அய்யய்யோ, அது பெரிய தப்பு சார்! ஊரே கூடிடும்" என்றாள். "அப்படித்தான், ஒருவர் எழுதிய கட்டுரை அவருடைய பாடு" என்று முடித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்ற திருப்தியோடு ரயிலேறி வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கினேன்.

எல்லோருக்கும் புரிந்துதான் இருந்தது. பாடு என்றால் முறை, முறை என்றால் ஆளுக்கு ஒரு வாரம். நான் படியிறங்குவதற்குள் அட்டவணை போட்டிருக்கிறார்கள். முதல் வாரம் முத்தம்மாள் எழுதுவாள், எல்லோரும் அவளைக் கேட்டு எடுத்துக்கொள்வார்கள். அடுத்த வாரம் பச்சையப்பன். அதற்கடுத்து ஆரம்பாக்கத்துப் பையன். நீங்களோ, 'எங்கள் ஊர்' என்று தலைப்புக் கொடுத்தீர்கள். வேறு தலைப்பே கிடைக்கவில்லையா மாப்பிள்ளை?

வகுப்பு முழுவதும் ஏரிக்கரையில் குடியேறிவிட்டது. கழனிக்காரப் பிள்ளைகளின் தாய்மார் எல்லாம் மீன் கூடை சுமந்தார்கள். பச்சையப்பன், 'விடியற்காலையில் எங்கள் வீட்டு வாசலில் காயும் கருவாட்டின் மணமே என்னை எழுப்பும்' என்று எழுதினான். அந்தத் தாள் அவன் அப்பா கையில் சிக்கியது. நேற்று ஸ்டேஷனில் என்னைப் பிடித்துக்கொண்டு, "இன்னா வாத்தியாரே, என் ஊட்டு வாசல்ல கருவாடா? எவனாவது படிச்சிக்கினு வெளியில சொன்னா, நாள பின்ன என் கடைக்கு எவன் நாஷ்டாவுக்கு வருவான்?" என்று பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். அவர் கத்திய பிறகுதான் ஊருக்கே தெரிந்தது என்பதை நான் எடுத்துச் சொல்லவில்லை. கையில் காபித் தூக்கு வைத்திருந்தார், அதுவும் சுடச்சுட.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி எனக்குச் சிரிப்பு வராமல் செய்துவிட்டது. 'எழுதிக் கொடுத்தவளே எல்லாவற்றுக்கும் காரணம், திங்கட்கிழமை முதல்வருக்கு அறிக்கை தந்து முத்தம்மாளின் பெயரை நீக்கச் சொல்லப் போகிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவள்தான் கொடுத்தாள் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் 'இந்த வாரப் பாடு முத்தம்மாளுடையது, அவர் சம்மதத்துடன் எழுதியது, நன்றி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததால் தெரிந்தது. காப்பியடிக்கிறவன் பெயரை மறைப்பான். இதுகள் கோடு போட்டுக் காட்டியிருக்கின்றன. பாதி நேர்மையை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். மீதிப் பாதியை, அதாவது அவரவர் வலையை அவரவர் இழுக்க வேண்டும் என்பதை, நான் சொல்லாமல் ரயிலுக்கு ஓடிவிட்டேன்.

இன்று காலையில் முத்தம்மாளும் அவள் அப்பா மாரியப்பனும் வந்திருந்தார்கள். "எங்க குப்பத்துல பாடு மீறுனாத்தான் சார் தப்பு. என் பொண்ணு எங்க மீறுச்சி?" என்றார் அவர். அவள் மட்டும் மெதுவாக, "வகுப்புலயே நெசமா எழுதுனது நான் ஒருத்திதான் சார். என் பேர அடிச்சிட்டா, எழுதாதவங்க மட்டும் குந்திக்கினு படிப்பாங்களா?" என்று கேட்டாள். நாற்பது வருஷம் பெஞ்சுக்கு முன்னால் நின்றவன் நான். அந்தக் கேள்வியை அப்படியே உங்களுக்கு அனுப்புகிறேன். பதில் வந்தால் எழுதுங்கள்.

வராவிட்டால் திங்கட்கிழமை ஒன்று செய்யுங்கள். விடியற்காலையில் தன் வீட்டு வாசலில் வரும் வாசனை என்ன என்று ஆளுக்குப் பத்து வரி, வகுப்பிலேயே எழுதச் சொல்லுங்கள். மூக்கை யாரும் இரவல் வாங்க முடியாது. பச்சையப்பன் வாசலில் சாம்பார் கொதிக்கட்டும், அவன் அப்பாவும் அமைதியாகட்டும்.

மணியம்மாளுக்கு ஆசீர்வாதம். பேரன் கன்னத்தைக் கடிக்காமல் முத்தம் கொடுக்கவும். பிழை என்னுடையது, உதாரணமும் என்னுடையது, பிள்ளைகளை விட்டுவிடுங்கள்.

அன்புள்ள மாமா,
ரங்கசாமி.

பின்குறிப்பு: உறையில் போடுமுன் உங்கள் அத்தை தாயாரம்மாள் இதை வாங்கிப் படித்துவிட்டாள். "எனக்கே தோன்றிய உதாரணமா? பழவேற்காட்டுல பொறந்தது நீங்களா, நானா? நீங்க பேசப் போறதுக்கு முந்தின நாள் ராத்திரி சோறு போட்டுக்கினே பாடு கதைய உங்களுக்குச் சொன்னது யாரு? அந்தப் புள்ளைங்க முத்தம்மா பேரப் போட்டுதுங்களே, என் பேரு எங்க?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். அவள்தான் சொன்னாள். கத்தரிக்காய்க் குழம்பு அன்று. அப்படியானால் பிழையிலும் உனக்குப் பங்கு உண்டே என்றேன். உதாரணம் தன்னுடையதாம், பிழை முழுக்க என்னுடையதாம்.

ஆகவே மாப்பிள்ளை, பேனாவை எடுத்து, மேலே 'எனக்கே தோன்றிய' என்று இருப்பதை அடித்துவிட்டு 'தாயாரம்மாள் சொன்ன' என்று எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு, அதே பேனாவால் முத்தம்மாளின் பெயரை அடிக்க முடிகிறதா என்று பாருங்கள்.