எருமை நெற்றியில் தொட்ட அரிசி

காட்மாண்டுவிலிருந்துகூட பஸ் பிடித்து எங்கள் மலைக்குச் சனம் வந்தது. எல்லாம் மந்திரவாதி ரன்பீரைப் பார்க்கத்தான். நோயாளி நேரில் வர வேண்டாம். நோயாளியின் நெற்றியில் தொட்டு எடுத்து வந்த ஒரு பிடி அரிசி போதும். மண்டைக்குள் எந்தப் பேய் குந்தியிருக்கிறது என்று ரன்பீர் சொல்லிவிடுவார். பேய்க்கு ஒரு சிவப்புச் சேவல் காணிக்கை. எலும்பு மட்டும் ஏனோ ரன்பீர் வீட்டுக் கொல்லையில் கிடக்கும்!

ஜித்மானின் மனைவி பூல்மாயாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. வெயிலிலும் குளிருகிறது என்றாள். முகம் ஊதிவிட்டது. பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு, எதற்கு வைத்தோம் என்று விழித்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்து, தைராய்டு சுரப்பு குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். ஜித்மான் அவள் நெற்றியில் தொட்ட அரிசியோடு ரன்பீரிடமும் போனார். அவர் விடுவாரா?

"செத்துப்போன மாமியார் இவ தலையில உக்காந்திருக்கா. மாத்திரையைத் தூக்கி எறி. எருமைக் கொட்டகையில படுக்க வை!"

ஜித்மான் அப்படியே செய்தார். எங்கள் ஊர்க்காரர் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

பூல்மாயாவின் தங்கை சுன்கேசரி ஓடி வந்தாள். "அத்தான், அந்தச் சுரப்பு குறைஞ்சா மூளையில சேதி கொண்டுபோற ரசாயனமே மந்தமாயிடும்னு டாக்டரம்மா சொன்னாங்க. வயசானவங்களுக்கு இது வந்தா வயசுக் கோளாறுன்னு விட்டுடுறாங்களாம். மாத்திரையை நிறுத்தினா அக்கா உங்களையே மறந்துடுவா!"

"எங்கம்மாவை உனக்குத் தெரியாது. உயிரோட இருந்தப்பவே யாரும் எதுத்துப் பேச முடியாது."

"சரி, இன்னொரு தடவை அரிசி பாப்போம். நானே கொண்டு வரேன்."

மறுநாள் ரன்பீர் மயிலிறகைத் தலையில் கட்டினார், மேளத்தைத் தட்டினார், உடம்பை உதறினார். அரிசியைப் பார்த்ததும் அலறினார்.

"மாமியாருக்குக் கோவம் ஏறிடுச்சு! நாக்கைப் புடிச்சு இழுக்குறா. இவளுக்குப் பேச்சே வராது!"

"வராதுதான் சாமி. ராத்திரியில என்ன பண்றா?" என்று சுன்கேசரி கேட்டாள்.

"மாமியாரை நினைச்சு அழுவுறா!"

கூட்டம் உச்சுக் கொட்டியது.

"அழலை, அசை போடுது," என்றாள் சுன்கேசரி. "இது அத்தானோட எருமை நெத்தியில தொட்ட அரிசி!"

நான்தான் சாட்சி. தொட்டபோது எருமை என் கையை நக்கியது.

ரன்பீர் அசரவில்லை. "அப்போ மாமியார் எருமைமேல தாவிட்டா!"

உடனே ஒருவர் முண்டியடித்து வந்தார். "எங்க எருமையும் பால் குறைச்சிடுச்சு சாமி, அதையும் பாத்துடுங்க."

ஜித்மான்தான் எழுந்தார். "எங்கம்மா எருமைக்கு மாமியார்னா, நான் யாருய்யா? எருமைக்குப் புருஷனா?"

மலையே சிரித்தது. ரன்பீர் மேளத்தைக்கூட எடுக்காமல் இறங்கி ஓடினார்.

பூல்மாயா மறுபடி மாத்திரை போட்டாள். சில மாதங்களில் தெளிந்து, கொட்டகையில் படுக்க வைத்ததற்கு ஜித்மானை வறுத்தெடுத்தாள். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். ரன்பீர் இப்போது அடுத்த மலையில். அங்கும் கூட்டமாம்.

சுரப்பு குறைந்து மந்தமான மூளைக்கு மாத்திரை இருக்கிறது. எல்லாம் சரியாகச் சுரந்தும் பூட்டியே வைத்திருக்கும் மூளைக்கு எந்த டாக்டரும் சீட்டு எழுத முடியாது. நீங்களேதான் யோசித்தாக வேண்டும்.