வலை போடாத தொட்டி

பழங்காநத்தம்,
மதுரை.
மே 2001

அன்புள்ள மாப்ள ஜெயக்கொடிக்கு மச்சான் கருத்தக்கண்ணன் எழுதிக்கொள்வது.

இங்கே வெயிலைத் தவிர எங்களுக்கு வேறு குறையில்லை. திருப்பூரில் நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க அழகர் துணையிருப்பார்.

விஷயத்துக்கு வருகிறேன். உசிலம்பட்டிப் பக்கம் மீன் குஞ்சுப் பண்ணை வைத்திருக்கும் நல்லகாமனை நம் தவமணிக்குப் பார்த்துச் சொன்னாய். போட்டோவைப் பார்த்த தவமணி, "அப்பா நேர்ல பார்த்துட்டு வந்து சொல்லட்டும்" என்று பாரத்தை என் தலையில் வைத்துவிட்டாள். ஆவணி வந்தால் அவளுக்கு இருபத்தேழு. முன்பு வந்த மூன்று பேரையும் நான்தான் கழித்துக் கட்டினேன் என்று உன் அக்கா தினமும் சோற்றோடு சேர்த்துப் பரிமாறுகிறாள். ஒருத்தன் உட்கார்ந்த இடத்தில் காலாட்டினான். இன்னொருத்தன் பெரியவர்கள் பேசும்போது கடிகாரம் பார்த்தான். மூன்றாமவனிடம் குறையே தென்படவில்லை, அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. இப்போது நல்லகாமனும் வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் காரணம் காட்டாமல் மார்க்கைக் குறைப்பது என் வழக்கமில்லை என்பதால் நடந்ததை அப்படியே சொல்கிறேன், கேள்.

சொல்லிவிட்டுப் போனால் எந்த வீடும் ஒழுங்காகத்தான் தெரியும். உதாரணத்துக்கு, இன்ஸ்பெக்ஷன் அன்றைக்கு எங்கள் பள்ளிக்கூடக் குழாயில்கூடத் தண்ணீர் வரும். அதனால் நான் யாரென்று சொல்லாமல், கிணற்றில் விட மீன் குஞ்சு வாங்க வந்தவன் என்று போய் நின்றேன். சுற்றிலும் கண்மாயெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது மாப்ள. நடுவில் இவன் பண்ணையில் மட்டும் தண்ணீர். அந்த வட்டாரத்துப் பறவை மொத்தமும் அங்கேதான் குடியிருக்கிறது. பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு நிற்கிற வாத்தியார் மாதிரி ஒரு நாரை அசையாமல் நிற்கிறது. நீர்க்காகம் ஒன்று முங்கி எழுந்து வந்து, சட்டையைக் கொடியில் போட்டதுபோல இரண்டு சிறகையும் விரித்துக் காய வைக்கிறது. மோட்டார் வயரில் மீன்கொத்தி. வரப்போரம் ஒரு தண்ணிப்பாம்பு தலையை மட்டும் நீட்டி, நேரங்கழித்து வந்த பையன் வகுப்பை எட்டிப் பார்க்கிற மாதிரி பார்க்கிறது. அந்தப் பாம்பைப் பார்க்க ஒரு கீரி வந்திருக்கிறது. மாப்பிள்ளையைப் பார்க்கப் போன நான் இதுகளையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

தொட்டிகளுக்கெல்லாம் மேலே வலை கட்டியிருந்தான். கடைசித் தொட்டி மட்டும் திறந்து கிடந்தது, பறவைகள் அதில்தான் பந்தி வைத்திருந்தன.

"ஏந்தம்பி, இதுக்கு வலை போடலையா?"

"அது அதுகளுக்கு சார். கண்மாயெல்லாம் காஞ்சு போச்சு, வேற எங்க போகும்?"

"அம்புட்டையும் தின்னுட்டா?"

"அம்புட்டையும் திங்காது சார். வயிறு நெறஞ்சா அதுவாப் போயிரும்."

கைமுதலைத் தூக்கிக் கொக்குக்குக் கொடுக்கிறவன் நாளைக்குப் பெண்டாட்டி பிள்ளைக்கு என்ன வைப்பான்? விசாரித்துவிடுவோம் என்று, குடி உண்டா, கூடப் பிறந்தது எத்தனை, கோபம் வருமா என்றெல்லாம் கேட்டேன். மீன் குஞ்சு வாங்க வந்தவன் கேட்கிற கேள்விகளா இவை என்று இப்போதுதான் உறைக்கிறது. அவன் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கையில் மீன்கொத்தி வயரை விட்டு நேரே என் தலைக்கு மேலே பாய்ந்து வந்தது. அது தண்ணீரில் விழுவதை நன்றாகப் பார்க்கலாமே என்று ஓர் எட்டுப் பின்னால் வைத்தேன். அதற்கு முன்னால் நான் விழுந்துவிட்டேன். இடுப்பளவுத் தண்ணீர்தான், பயப்படாதே. பறவையெல்லாம் பறந்துவிட்டது. நாரை மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அங்கேயே நின்றது.

நல்லகாமன் என்னைத் தூக்கிக் கரையேற்றி, தன் கைலியைக் கொடுத்து, என் வேட்டியைத் தானே அலசிக் காயப் போட்டான். வேட்டி காயாமல் கிளம்ப முடியவில்லை. அதற்குள் சாப்பாட்டு வேளை வந்துவிட்டது. அவன் அம்மா ராக்கம்மாள் இலையைப் போட்டுவிட்டார். உனக்குத் தெரியாததா, சம்மதம் சொல்லுமுன் பிள்ளை வீட்டில் பெண் வீட்டார் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் சரியென்று அர்த்தம்.

"வேண்டாம்மா, வயிறு சரியில்ல."

"மோர் ஊத்திச் சாப்பிடுங்க சார்."

"பசியில்லம்மா."

அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "குஞ்சு வாங்க வந்தவுகளுக்கு எங்க வீட்டுச் சோத்துல என்ன சார் கூச்சம்? பொண்ணு வீட்டு ஆளுகதான் இப்படி யோசிப்பாக."

மறுத்தால் நான் யாரென்று தெரிந்துவிடும். சாப்பிட்டால் சம்மதமாகிவிடும். எந்த விடையை எழுதினாலும் தப்பாகப் போகிற கேள்வியை என் சர்வீஸில் நான் யாருக்கும் கொடுத்ததில்லை. உட்கார்ந்து சாப்பிட்டேன். கெண்டைக் குழம்பு. இரண்டாந்தடவையும் வாங்கினேன் என்பதை மறைக்கவில்லை. நல்லகாமன் தலை நிமிராமல் சாப்பிட்டான், தோள் மட்டும் குலுங்கியது. கிளம்பும்போது ராக்கம்மாள், "அடுத்த வாட்டி வீட்ல எல்லாரையும் கூட்டியாங்க சார்" என்றார்.

வேஷத்துக்காக ஒரு பை குஞ்சு வாங்க வேண்டியதாயிற்று. காற்றடைத்த பாலிதீன் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். "பெருசு, கைப்பிள்ளைக்கு டிக்கெட் கெடையாது, இம்புட்டு பிள்ளைக்கு என்னன்னு போட?" என்று கண்டக்டர் கேட்டதில் பஸ்ஸே சிரித்தது. நம் வீட்டில் ஏது கிணறு? துணி துவைக்கிற தொட்டியில் விட்டிருக்கிறேன். உன் அக்கா தெருக்குழாயில் துவைக்கிறாள், என்னோடு பேசவில்லை.

ஆகவே மாப்ள, பையன் நல்லவன்தான், ஆனால் கையை மூடத் தெரியாதவன். பக்குவமாகச் சொல்லி நிறுத்திவிடு. சாப்பிட்டாரே என்று கேட்டால், வயசான மனுசன், பசி தாங்கவில்லை என்று சொல். தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து நூறாண்டு இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மச்சான்,
பெ. கருத்தக்கண்ணன்,
ஓய்வு பெற்ற ஆசிரியர்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகையில் நம் கொடிக்கயிற்றில் ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. பழங்காநத்தத்து நெரிசலில் இதற்கு யார் வழி சொன்னார்களோ தெரியவில்லை. உன் அக்கா விளக்குமாற்றை எடுத்தாள். "விடு, இந்த வெயில்ல அது வேற எங்க போகும்" என்றேன். தவமணி நிலைப்படியில் நின்று, "தொட்டிய மூடிரவாப்பா?" என்று கேட்டாள். "வேணாம்மா, வயிறு நெறஞ்சா அதுவாப் போயிரும்." சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. "இத வேற யாரோ சொன்னதா நீங்கதான சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிய போட்டோவை அவள் இன்னும் திருப்பித் தரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. மேலே எழுதியதை நான் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். வெள்ளிக்கிழமை பூ வைக்க வரச் சொல். சாப்பாடு நம் வீட்டில். வரும்போது நல்லகாமனை இன்னும் ஒரு பை குஞ்சு கொண்டுவரச் சொல், தொட்டியில் இருப்பது வெள்ளிக்கிழமை வரைக்கும் காணாது.