கிணற்றுப் பதிவகமும் நூறு வீதமும்

அரசாங்கக் கந்தோர் ஒன்று எதைத் தொலைத்தாலும் பிழையில்லை, தொலைத்ததற்கு ஒரு பிரதி இருக்கவேண்டும். கிணற்றுப் பதிவுத் திணைக்களத்தின் தலைமையகம் வெளியிட்ட சுற்றுநிருபத்தின் சாரம் இதுதான். சுற்றுநிருபம் பதினொரு பக்கம். அதை முழுக்க வாசித்தவர் திணைக்களத்திலே ஒருவருமில்லை, எழுதியவர் உட்பட.

அந்தத் திணைக்களத்துக்கு நெடுந்தீவிலே ஒரு கிளைக் கந்தோர். எந்தக் கிணற்றிலே யாருக்கு எத்தனை பங்கு, அரையோ காலோ அரைக்காலோ, யார் எந்தக் கிழமை இறைக்கலாம் என்பதையெல்லாம் கொம்பியூட்டரிலே பதிந்து வைப்பது அதன் வேலை. சின்ன வேலை என்று நினைக்கக்கூடாது. எங்கடை ஆட்கள் வேலிச் சண்டையைக் கலியாண வீட்டிலே மறப்பார்கள், பங்குக் கிணற்றுச் சண்டையைச் செத்தவீட்டிலேயும் மறவார்கள்.

கந்தோரின் கொம்பியூட்டர் பொறுப்பு முழுவதும் ஆரபியின் தலையிலே. நேர்முகத் தேர்விலே "கொம்பியூட்டர் தெரியுமோ?" என்று கேட்டபோது வாய்தவறி "ஓம்" என்றுவிட்டாள். அந்த ஒரு ஓமுக்காக ஐந்து வருசமாகத் தெல்லிப்பழையிலே விடிய பஸ் ஏறி, குறிகட்டுவானிலே வள்ளம் ஏறி, சோளகக் காற்றடிக்கும் மாதங்களிலே காலைச் சாப்பாட்டைக் கடலுக்குக் கொடுத்து, பொழுதுபட வீடு திரும்புகிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய மூன்று வயது மகள், "நீங்கள் எப்ப உங்கடை வீட்டை போறியள்?" என்று தாயைப் பார்த்துக் கேட்டது. வீட்டுக்கு வந்துபோகிற சொந்தக்காரி என்று நினைத்துவிட்டது பிள்ளை. ஆரபி குசினிக்குள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

ஆகவே தெல்லிப்பழைக்கு இடமாற்றக் கடிதம் வந்த நாளிலே அவள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். உடைத்த பிறகுதான் கடைசி வரியை வாசித்தாள். "விடுவிக்கப்படுமுன், சகல பதிவுகளினதும் காப்புப் பிரதியை நூறு வீத வெற்றி அறிக்கையுடன் சமர்ப்பித்தல் வேண்டும். தவறின் விடுவிப்பு வழங்கப்படமாட்டாது."

உதென்ன பெரிய காரியம், ஒரு பட்டனை அமத்துகிற வேலைதானே என்று பக்அப் பட்டனை அமத்தினாள். இயந்திரம் முக்கால் மணித்தியாலம் யோசித்தது. "தொண்ணூற்றெட்டு வீதம் பூர்த்தி. நாற்பத்தொரு கோப்புகளில் தவறு" என்றது.

பொறுப்பதிகாரி கனகரத்தினம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையைப் பார்ப்பதுபோலத் திரையைப் பார்த்தார்.

"தொண்ணூற்றெட்டோ? மற்ற ரெண்டும் எங்கை?"

"சேர், நாப்பத்தொரு பைலைக் கொப்பி பண்ண ஏலாமல் போச்சுது. காரணமும் சொல்லுது. முதலாவது, பிரதான பதிவேட்டை நீங்கள் திறந்து வைச்சிருக்கிறியள். திறந்திருக்கிறதைக் கொப்பி பண்ணாதாம். ஒருக்கா மூடுவமோ?"

"மூடுறதோ! பிள்ளை, உதைத் திறந்தது ஆழ்வாப்பிள்ளை. அவர் பென்சனிலை போகேக்கை பாஸ்வேட்டையும் கொண்டு போயிட்டார். நாலு வருசமா மூடாமல் வைச்சிருக்கிறன். கரண்ட் போனாலும் எண்டு ரெண்டு பற்றரி வேறை. மூடினால் திறக்கிறது ஆர்?"

"சரி சேர். ரெண்டாவது, சில பைலுக்குப் பேர் நீளமாம்." ஆரபி ஒன்றை வாசித்துக் காட்டினாள். "நெடுந்தீவு மேற்கு பனங்காணிக் கிணற்றுப் பங்குரிமை தொடர்பாக முருகேசு என்பவர் தமது சகோதரர்களுக்கு எதிராகச் சமர்ப்பித்த மேன்முறையீடு திருத்தியது இறுதி உண்மையான இறுதி. இதைச் சுருக்குவமோ?"

"எதைச் சுருக்குவீர்? முருகேசுவை எடுத்தால் முருகேசு சண்டைக்கு வருவான். சகோதரரை எடுத்தால் அவை வருவினம். இறுதியை எடுத்தால் வழக்கு முடியேல்லை எண்டாகும்."

"மூண்டாவது, உங்கடை மாதாந்த அறிக்கையள். அதுக்கு அனுமதி மறுக்கப்பட்டது எண்டு சொல்லுது. அனுமதியை மாத்தி விட்டால்..."

கனகரத்தினத்தின் முகம் சிவந்துவிட்டது. "ஆர் மறுத்தது?"

"கொம்பியூட்டர் சேர்."

"இந்தக் கந்தோரிலை மறுக்கிற அதிகாரம் எனக்கு மட்டும்தான் இருக்கு!"

உடனே ஒரு கடிதம் சொல்ல, ஆரபி எழுதினாள். தமது மேலதிகாரிக்கு அனுமதி மறுத்தமைக்கான விளக்கத்தை ஏழு நாட்களுக்குள் எழுத்தில் தருமாறு கோரி, கடிதத்தின் ஒரு பிரதி கொம்பியூட்டரின் நெற்றியிலே ஒட்டப்பட்டது. ஏழு நாளும் கொம்பியூட்டர் வாய் திறக்கவில்லை. எட்டாம் நாள் அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் குறிப்பெழுதினார் கனகரத்தினம். தொண்ணூற்றெட்டு மட்டும் தொண்ணூற்றெட்டாகவே இருந்தது.

"சேர், என்னை ஒருக்கா விடுங்கோவன்," என்று ஆரபி கெஞ்சினாள். "பிள்ளை என்னை மறந்து போச்சுது."

கனகரத்தினம் கல்நெஞ்சக்காரர் அல்ல. இரண்டு ரீ குடித்து யோசித்தார்.

"நல்லூரிலை என்ரை மச்சான் ரியூசன் சென்ரர் நடத்துறான், தெரியுமெல்லோ? வருசாவருசம் நூறு வீதச் சித்தி. றோட்டுக்குக் குறுக்காலை பனர். எப்பிடியெண்டு நினைக்கிறீர்?"

"நல்லாப் படிப்பிக்கிறார் போலை."

"சும்மா விசர்க்கதை கதையாதையும். பெயிலாகக்கூடிய பிள்ளையளை அவன் பதியிறேல்லை. பதியாத பிள்ளை பெயிலாகுமோ? கொப்பி பண்ண மாட்டன் எண்டுற பைலுகளைப் பட்டியலிலை இருந்து எடுத்துவிடும்."

"சேர், பிரதான பதிவேடே அதுக்கைதான் கிடக்கு!"

"அது எங்கையும் போகாது. கொம்பியூட்டருக்கை பத்திரமாக் கிடக்கும். பட்டியலிலை மட்டும்தான் இராது."

வெளியே சோளகம் பனைகளைப் போட்டு உலுப்பிக்கொண்டிருந்தது. ஆரபி நாலு மணி வள்ளத்தை நினைத்தாள். நாற்பத்தொன்றையும் எடுத்துவிட்டாள்.

அடுத்த நாள் புதிதாக அறுபத்து மூன்று தவறு. இந்தமுறை காரணம் ஒன்றே ஒன்று, "வாசிக்க முடியவில்லை." பெட்டிக்குள்ளே இருந்து கறக் கறக் என்று ஒரு சத்தமும் வந்தது. ஆரபிக்கு விளங்கிவிட்டது.

"சேர், இது வேறை வருத்தம். உள்ளுக்கை டிஸ்க் சாகுது. உடனை புதுசு வேணும்."

"புது டிஸ்க் கேக்கிறதெண்டால் பழசு செத்ததுக்கு அத்தாட்சி அனுப்போணும். செத்திட்டுதோ?"

"இன்னும் இல்லை. சாகப் போகுது."

"உயிரோடை இருக்கிறவைக்கு மரண அத்தாட்சி குடுக்க எனக்கு அதிகாரமில்லை பிள்ளை. செத்தாப் பிறகு சொல்லும், உடனை எழுதுவம்."

அவர் சொன்னதிலே சட்டப்படி ஒரு பிழையும் இல்லை. ஆகவே ஆரபி நாளாந்தம் வாசிக்க முடியாததையெல்லாம் எடுத்துக்கொண்டே வந்தாள். கிழக்கு வட்டாரக் கிணறுகள் போயின. கோயில் கிணறுகள் போயின. ஆசுப்பத்திரிக் கிணறும் போனது. மூன்றாம் கிழமை பட்டியலிலே மிஞ்சியது ஒரேயொரு கோப்பு. அவளுடைய இடமாற்றக் கடிதம்.

பட்டனை அமத்தினாள். ஒரு செக்கனிலே திரையிலே பச்சைச் சரி அடையாளம் விழுந்தது. "ஒன்றில் ஒன்று. தவறுகள் பூச்சியம். நூறு வீத வெற்றி."

தான் என்ன செய்தாள் என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. ஊர்த் தண்ணியையெல்லாம் விட்டுவிட்டுத் தன் கடிதத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். நெஞ்சு குத்தத்தான் செய்தது. ஆனாலும் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்து, "குஞ்சு, திங்கக்கிழமையிலை இருந்து அம்மா உங்களோடைதான்" என்று சொல்லிவிட்டாள்.

தலைமையகம் பூரித்துப் போனது. வடக்கிலேயே முதல் நூறு வீதம்! ஏனைய கிளைகள் யாவும் நெடுந்தீவு முறையைப் பின்பற்றுமாறு இன்னொரு சுற்றுநிருபம் பறந்தது. கனகரத்தினம் பனர் அடித்தார். அதிலே அவருடைய படம் பெரிது, ஆரபியின் படம் முத்திரை அளவு, நடுவிலே பச்சைச் சரி. வெள்ளிக்கிழமை காலை கந்தோர் முற்றத்திலே பாராட்டு விழா, பொன்னாடை, றோல்ஸ், வடை. கொம்பியூட்டரை மறந்துவிடக்கூடாது என்று அதற்கும் ஒரு மாலை போட்டார்கள்.

ஒலிபெருக்கிக்குக் கரண்ட் போதவில்லை. கனகரத்தினம் அதன் வயரைக் கொம்பியூட்டரின் பற்றரியிலே கொண்டுபோய்க் கொழுவி, "பெரியோர்களே" என்றார். டப் என்று ஒரு சத்தம். பற்றரி போனது, கொம்பியூட்டர் இருண்டது. மாலைக்குள்ளே இருந்து கடைசியாக ஒரு கறக் கேட்டது.

"இப்ப அத்தாட்சி எழுதலாம்," என்றார் கனகரத்தினம், கொஞ்சமும் பதறாமல். "ஒருத்தரும் பயப்பிடத் தேவையில்லை. எங்களிட்டை நூறு வீதம் பக்அப் இருக்கு."

பக்அப்பை எல்லாருக்கும் முன்னாலே தன் மடிக்கணினியிலே திறந்தார். திருமதி ஆரபி சயந்தன் அவர்களைத் தெல்லிப்பழைக்கு இடமாற்றல் என்ற கடிதம் வெகு தெளிவாகத் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. கனகரத்தினம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். அப்போதும் அந்தக் கடிதம்தான்.

முன்வரிசையிலே இருந்த முருகேசு எழும்பினார். பனங்காணிக் கிணற்றிலே அரைக்கால் பங்குக்காகப் பதினெட்டு வருசம் வழக்காடியவர்.

"அப்ப என்ரை பங்கு, பிள்ளை?"

"பதிவிலை இல்லை ஐயா," என்றாள் ஆரபி. "எல்லாம் என்னாலைதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"அதே கிணத்திலை சின்னாச்சியின்ரை பங்கு?"

"அதுவும் இல்லை."

"ஒருத்தற்றையும் இல்லையோ?"

"இல்லை ஐயா."

முருகேசு சால்வையாலே முகத்தை மூடிக்கொண்டார். மனுசன் அழுகிறார் என்று ஆரபி பதறிப் போனாள். சால்வையை எடுத்தபோது முகம் முழுகிவிட்டு வந்ததுபோல் தெளிவாக இருந்தது.

"அப்ப எழுதுங்கோ. என்ரை பங்கு அரை."

"ஐயா, உங்களுக்கு அரைக்கால் எல்லோ?"

"அதுக்கு அத்தாட்சி இருக்கோ?"

"அரையோ!" என்று பின்வரிசையிலே இருந்து பாய்ந்தாள் சின்னாச்சி. "எட விடுவனே? முக்கால் என்ரை சீதனம்! எழுது பிள்ளை!"

ரொறன்ரோவிலே இருந்து முருகேசுவின் தம்பி ரெலிபோனிலே வந்து, முழுக்கிணறும் தன்னுடையது என்றார். மத்தியானத்துக்குள்ளே கந்தோர் வாசலிலே நல்லூர்த் தேர் நாள் சனம். பனங்காணிக் கிணற்றின் பங்குகளைக் கூட்டினால் முந்நூற்றைம்பது வீதம் வந்தது.

"பாத்தீரே!" என்றார் கனகரத்தினம், கண்கள் பளபளக்க. "தலைமையகம் கேட்டது நூறு. நாங்கள் முந்நூற்றைம்பது!"

பின்னேரம் தலைமையகத்தின் கட்டளை வந்தது. உரிமையாளர்களின் வாக்குமூலப்படி பதிவேடு புதிதாக ஆக்கப்படும். ஒவ்வொரு கிணற்றின் பங்குகளும் கூட்டிச் சரியாக நூறு வீதமாகக் குறைந்த அன்றே உத்தியோகத்தர் ஆரபி விடுவிக்கப்படுவார்.

திங்கட்கிழமை காலை ஆரபி மறுபடியும் வள்ளமேறி வந்து, புதுப் பதிவுக் கொப்பியின் முதல் பக்கத்தை விரித்தாள். முருகேசு முதல் ஆளாக வந்து முன்னாலே இருந்தார்.

"ஐயா, வீட்டிலை என்ரை பிள்ளை பாத்துக்கொண்டிருக்குது. உங்கடை அரையிலை கொஞ்சம் குறைப்பீங்களோ?"

முருகேசு அவளை மிகுந்த இரக்கத்தோடு பார்த்தார்.

"பாவம் பிள்ளை நீங்கள்," என்றார். "நான் குறைப்பன். முதல் சின்னாச்சி குறைக்கட்டும்."