லெஃப்ட் கோகுல்

திண்டிவனம்,
ஞாயிற்றுக்கிழமை மாலை.

விழுப்புரம் சம்பந்தி உயர்திரு விருத்தாசலம் அவர்களுக்கு, சக்கரபாணி இரு கை கூப்பி எழுதுவது. இங்கே நானும் அஞ்சம்மாளும் உடம்பளவில் நலம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் உடம்பளவிலாவது நலமாக இருக்க மயிலம் முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

இன்று காலை தங்கள் வீட்டுக் கூடத்தில், இளையவன் ஜெகதீசனுக்குப் பெண் கொடுக்கப் பேச வந்த ஓமந்தூர்க்காரர்கள் கேசரித் தட்டும் கையுமாக உட்கார்ந்திருந்த நேரத்தில், நான் உள்ளே நுழைந்து சொன்ன ஒரு வாக்கியத்துக்காக மன்னிப்புக் கேட்டு இதை எழுதுகிறேன். போனில் கேட்கலாம் என்றால் தாங்கள் எடுக்கவில்லை. எடுக்காததும் நியாயம்தான். தவிர, ஓமந்தூராரிடம் காட்டி அவர்கள் மனதைத் திருப்ப எழுத்தில் ஒன்று இருந்தால் தங்களுக்கும் தெம்பாக இருக்கும்.

நடந்தது இதுதான். தங்கள் வீட்டுக்குக் கிளம்ப நான் சலவை வேட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது, சென்னையிலிருந்து என் மகள் பானுப்ரியா செல்போனில் ஒரு சேதி அனுப்பினாள். ஆங்கிலத்தில். ‘லெஃப்ட் கோகுல். கமிங் ஹோம்.’ அவ்வளவுதான். கோகுல் என்றால் தங்கள் மூத்த மகன், என் மாப்பிள்ளை. கமிங் ஹோம் என்றால் வீட்டுக்கு வருகிறாள். நடுவில் இந்த லெஃப்ட் எதற்கு? திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை, மாப்பிள்ளை போன் அணைத்துக் கிடக்கிறது, அஞ்சம்மாள் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்து, “லெஃப்ட்டுன்னா இடது கைப்பக்கம்தானே? ஐயோ, எங்க அண்ணனுக்கும் இடது பக்கம்தாங்க இழுத்துக்கினுது!” என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் கை கால் ஓடவில்லை. கூட்டுறவு சங்கத்தில் எழுத்தராக இருந்த காலத்தில் வேலையை விட்டுப் போனவர்கள் பெயருக்கு நேரே நானே எத்தனை லெஃப்ட் எழுதியிருப்பேன், சமயத்துக்கு ஒன்றாவது நினைவு வர வேண்டுமே! தம்பி விசேஷத்துக்கு விழுப்புரம் வருகிற வழியில் மாப்பிள்ளைக்கு இடது பக்கம் ஏதோ ஆகிவிட்டது, முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில்தான் சேர்த்திருப்பார்கள் என்று நானாக முடிவு கட்டி, அஞ்சம்மாளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரில் யாரும் வரவில்லை என்று பொறுமையாகவே சொன்னார்கள். நான்தான் நம்பாமல், படுத்திருந்தவர்கள் முகத்தையெல்லாம் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். ஒருவர் பாவம், எழுந்து உட்கார்ந்து, “எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க, என்னை ஞாபகம் இருக்குதா?” என்று கேட்டார். இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்து ஒரு டீக்கடை பெஞ்சில் சாய்ந்தேன். பக்கத்தில் இருதயராஜ் என்று ஒருவர். ஆங்கில வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவராம், உறவுக்காரரைப் பார்க்க வந்திருக்கிறார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவராகவே விசாரித்தார். சேதியைக் காட்டினேன்.

“சார், இது இடது பக்கம் இல்லீங்க. வினைச்சொல்லு. லீவ் பண்றதோட இறந்தகாலம்” என்றார்.

லீவ் என்றால் எனக்குத் தெரிந்தது கேஷுவல் லீவும் மெடிக்கல் லீவும்தான். மாப்பிள்ளை லீவு போட்டிருக்கிறாரா என்றேன்.

“அது பெயர்ச்சொல்லுங்க. வாட்ஸ்அப் குரூப்புல ‘கோகுல் லெஃப்ட்’டுன்னு வந்தா கோகுல் கிளம்பிப் போனாருன்னு அர்த்தம். அதையே திருப்பி ‘லெஃப்ட் கோகுல்’னு போட்டா, கோகுலை யாரோ விட்டுட்டாங்க. முன்னாடி நின்னா எழுவாய், பின்னாடி நின்னா செயப்படுபொருள். உங்க வீட்டம்மாவ எங்க விட்டுட்டு வந்தீங்க?”

“பக்கத்து வீட்ல.”

“பாத்தீங்களா, இடம் சொன்னீங்க. பயமே இல்ல. இடமே சொல்லாம ‘பொண்டாட்டிய விட்டுட்டேன்’னு மட்டும் சொன்னா ஊரு என்னா நினைக்கும்? தமிழ்ல எப்படியோ, இங்கிலீஷ்லயும் அப்படியேதான். உங்க பொண்ணு இடம் போடலியே சார்.” சொல்லிவிட்டு, கேட்காமலே எனக்கு இன்னொரு டீ சொன்னார். அவர் கண்ணிலும் ஈரம்.

சம்பந்தி, கல்யாணமாகி ஒரு ஆடிகூட இன்னும் முழுசாகப் போகவில்லை. அந்த டீயைக் குடித்தேனா கொட்டினேனா தெரியாது. விழுப்புரத்தில் இறங்கியதும் தெரியாது. தங்கள் வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தாவது கூடத்தில் விருந்தாளிகள் இருப்பார்கள் என்று எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? நேரே உள்ளே வந்து, “சம்பந்தி, எங்க பொண்ணு உங்க பையன விட்டுட்டா!” என்று கத்திவிட்டேன். ஓமந்தூர்ப் பெரியவர் வாய்வரைக்கும் கொண்டுபோன கேசரியைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார். அவர் வைத்ததைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள். “பெரிய மருமகளே தங்காத வூடா?” என்று ஒரு அம்மா முணுமுணுத்தது என் காதில் விழுந்தது, தங்கள் காதில் விழாமல் போயிருக்க வேண்டும். வேன் கிளம்பிவிட்டது. சம்பந்தியம்மா ஓவென்று அழுதார்கள். ஜெகதீசன் புதுச் சட்டையோடு அப்படியே நின்ற நிலையை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம்தானே பானு போன் செய்தாள்! தாங்களும் ஸ்பீக்கரில் கேட்டீர்கள். “ஐயோ அப்பா, தாம்பரம் ஸ்டேஷன்ல விட்டேன்னு அர்த்தம்பா! அவரு ட்ரெயின்ல விழுப்புரம் வர்றாரு. நான் அம்மாவக் கூட்டிக்கினு வரலாம்னு பஸ்ல வர்றேன்.” இவ்வளவுதான் விஷயம். இருதயராஜ் சொன்ன இலக்கணம் அப்பழுக்கில்லாதது. இடத்தைப் போடாதது என் பெண், கூடத்தில் போட்டு உடைத்தது நான். எனவே ஓமந்தூராரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டி, இரு வீட்டிலும் ஒரு மனத்தாங்கலும் கிடையாது, குடும்பம் சண்டையே அறியாதது, தப்பு ஒரு வினைச்சொல்லின் மேல்தான் என்று எடுத்துச் சொல்ல வேண்டுகிறேன். மாப்பிள்ளையின் ரயில் இந்நேரம் வந்திருக்கும் என்று நம்புகிறேன். வராவிட்டால் தாமதமாக இருக்கும்.

சம்பந்தியம்மாவை அஞ்சம்மாள் மிகவும் விசாரித்தாள். ஜெகதீசனுக்கு அந்தப் பெண்ணே அமைய எங்கள் இருவர் ஆசியும். என் வாய்க்கு மட்டும் யார் ஆசியும் பலிக்காது போலிருக்கிறது.

தங்கள் அன்பை இன்னும் இழக்கவில்லை என்று நம்பும்,
சக்கரபாணி.

பி.கு. உறையை ஒட்டுமுன் பானு வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, “அப்பா, காலைல நான் எழுதினது சரியான இங்கிலீஷ்தாம்பா” என்றாள். எனக்கு உடனே விளங்கவில்லை. “நிஜமாவே விட்டுட்டுத்தாம்பா வந்தேன். போன்ல அத்தை அழுவுறது கேட்டுது. மனசு கேக்கல, அதான் தாம்பரம் ஸ்டேஷனச் சேர்த்துக்கினேன்” என்றாள். ஏன் என்று கேட்டேன். “எதச் சொன்னாலும் ‘லீவ் இட், லீவ் இட்’டுன்றாரு. ஆபீஸ்ல ஆளக் குறைக்கிறாங்க, எனக்கு பயமா இருக்குதுங்கன்னேன். அதுக்கும் லீவ் இட். எல்லாத்தையும் விட்டா கடைசில எதத்தான் வச்சிக்கிறது? சரின்னு அவரையே விட்டுட்டேன்.” சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது அவளுக்கு. நானும் ‘விடும்மா’ என்று சொல்ல வாயைத் திறந்தேன் சம்பந்தி. நல்லவேளை, மூடிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் பைக் சத்தம். மாப்பிள்ளை. சென்னையிலிருந்து வெயிலில் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார், ரயிலும் கிடையாது ஒன்றும் கிடையாது. போனில் சார்ஜ் இல்லையாம். ஹெல்மெட்டைக் கழற்றியதும் பானு ஆபீஸ் விஷயத்தை முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவர் பழக்கதோஷத்தில் “லீ...” என்று தொடங்கினார். நாங்கள் மூவரும் அவர் வாயையே பார்த்தோம். ஒரு தடவை எச்சில் விழுங்கிவிட்டு, “சொல்லு பானு” என்றார். சொல்லிக்கொண்டிருக்கிறாள். காப்பி ஆறிப்போய், அஞ்சம்மாள் சுடவைத்து, அதுவும் ஆறிவிட்டது. அவர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

நாளைக் காலை இருவருமே இந்தக் கடிதத்தைத் தங்களிடம் கொண்டுவருகிறார்கள். ஓமந்தூராரிடம் காட்டுவதானால் பி.கு.வையும் சேர்த்துக் காட்ட வேண்டுமாம், அந்தப் பெண்ணிடம் பொய் சொல்லிக் கூட்டிவரக் கூடாதாம், பானு கண்டிப்பாகச் சொல்கிறாள். ஆகவே, குடும்பம் சண்டையே அறியாதது என்று மேலே எழுதிய வரியைத் தாங்கள் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மன்னிப்புக் கேட்டதை மட்டும் விட்டுவிட வேண்டாம்.