ஸ்காட்லாந்துக் கணக்கில் ஒரு பிள்ளையார் சுழி

போட்ட பிறகுதான் கிட்டுசாமிக்கு உறைத்தது. பிள்ளையார் சுழி விழுந்தது தன் நோட்டில் அல்ல. இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஸ்காட்லாந்துப் பண்ணைக் கணக்குப் புத்தகத்தில்.

ஓட்ஸ் இத்தனை மூட்டை, குதிரைக்கு லாடம் அடித்த கூலி இவ்வளவு என்று ஒரு நிலக்கிழார் குடும்பம் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்த நாற்பது புத்தகங்கள், வாரிசுகளோடு கப்பலேறி டெக்ஸாஸுக்கு வந்து சேர்ந்திருந்தன. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை, அங்கே ரிச்சர்ட்சன் ஊரில் கிட்டுசாமி இருந்த சின்னக் கம்பெனிக்குக் கிடைத்திருந்தது. இரண்டாயிரம் பிறந்து ஒய்-டூ-கே ஜுரம் அடங்கிய பிறகு கிடைத்த ஒரே வேலை அதுதான். மேஜையில் இடப்பக்கம் பழைய புத்தகம், வலப்பக்கம் அவன் நோட்டு. புத்தகத்தில் ஒரு வெற்றுப் பக்கம் வந்தது. கை தானாகப் போய் உச்சியில் ‘உ’ போட்டுவிட்டது.

கையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கோபிசெட்டிபாளையத்தில் அரிசி ஆலைக் கணக்கு எழுதிய கருப்பண்ணன் வளர்த்த கை அது. மளிகைச் சீட்டுக்குக்கூடச் சுழி போடாமல் பேனாவை நகர்த்தாத மனிதர். அவர் இறந்து மூன்று வாரம். ஒரே பிள்ளை கிட்டுசாமி போகவில்லை. கிரீன் கார்டு விண்ணப்பம் உள்ளே இருக்கும்போது அனுமதி வாங்காமல் நாட்டைவிட்டு வெளியேறினால் எல்லாம் ரத்து என்று வக்கீல் சொல்லிவிட்டார். அனுமதி வர இரண்டு மாதம் ஆகுமாம். செத்தவர் உடம்பு அத்தனை நாள் காத்திருக்குமா? பங்காளி ஒருவர் கொள்ளி வைத்தார். அன்று முதல் கிட்டுசாமி என்ன செய்கிறோம் என்று தெரியாமல்தான் எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தான்.

நல்லவேளை, பென்சில். பழைய புத்தகங்களுக்குப் பக்கத்தில் பேனாவே வரக்கூடாது என்பது மேலாளர் மார்கரெட் போட்ட சட்டம். ரப்பரை எடுத்துத் தேய்த்தான். சுழி மங்கியது. ஆனால் தேய்த்த இடம் மட்டும், அழுக்கு வேட்டியில் துவைத்த மூலை மாதிரி பளிச்சென்று வெளுத்துப் போயிற்று.

வெளுப்பை மறைக்க, ஆபீஸ் காபியை டிஷ்யூவில் தொட்டு ஒற்றினான். நிறம் அருமையாகச் சேர்ந்தது. கூடவே, அழுத்தி எழுதிய தடத்தில் காபி இறங்கி ஊறிவிட்டது. ஒரே நிமிஷத்தில் சுழி பழுப்பு மையில், இருநூறு வயது கூடி, மறுபடி எழுந்து நின்றது.

அந்த நேரம் பார்த்துத்தானா மார்கரெட் வரவேண்டும்? குனிந்து லென்ஸ் வைத்துப் பார்த்தாள்.

“இது என்ன?”

“தமிழ் எழுத்து. எங்கள் ஊரில் கணக்கு எழுதுகிறவர்கள் முதலில் இதைத்தான் போடுவார்கள்.”

“யார் போட்டிருப்பார்கள்?”

“கருப்பண்ணன்” என்றான். மூன்று வாரமாக வாயில் வேறு பெயர் வந்தால்தானே!

மார்கரெட் அதை எழுத்தெழுத்தாகக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். “இந்தப் பண்ணை வீட்டு இளைய மகன் மதராஸில் பதினோரு வருஷம் இருந்தவன். ஒரு குமாஸ்தாவைக் கூட்டி வந்திருக்கிறான்! கிட்டு, நீ ஒரு மனிதரையே கண்டுபிடித்துவிட்டாய்!”

வீட்டில் மனைவி எழிலரசி தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஏனுங் மாமா, நாளைக்கே போயி உண்மையச் சொல்லிப்போடுங்க.”

“சொன்னா ஃபயர் பண்ணிருவாங்க. வேலை போனா கிரீன் கார்டும் போச்சு. எங்கப்பன் சாவுக்குக்கூடப் போகாம காப்பாத்துன பேப்பரு அது, புள்ள! அதுவும் போயிருச்சுன்னா, நான் எதுக்குப் போகாம இருந்தேன்?”



மறுநாள் விஷயத்தை அமுக்கப் பார்த்தான். “அவரைத் தேட வேண்டாம் மார்கரெட். அந்தக் குளிருக்கு வந்த கொஞ்ச நாளிலேயே இறந்திருப்பார்.”

“அப்படியானால் அடக்கச் செலவு கணக்கில் இருக்குமே!” என்று அவள் மிச்சப் புத்தகங்களை எல்லாம் இறக்கிவிட்டாள்.

நாலாம் நாள் கிடைத்தேவிட்டது. 1794, பிப்ரவரி. மதராஸ் எழுத்தருக்குச் சவப்பெட்டி, எட்டு ஷில்லிங். குழி வெட்டியவனுக்கு ஒரு ஷில்லிங். பெயர் இல்லை. ஓரத்தில் ஒரு குறிப்பு: துக்கத்துக்கு வந்தோர் ஒருவருமில்லை.

கிட்டுசாமி அந்த வரியை மூன்று தடவை படித்தான். பயத்தில் இட்டுக்கட்டிய ஆள் நிஜமாகவே இருந்திருக்கிறான். கடல் தாண்டி வந்து, செத்து, அழ ஆளில்லாமல் மண்ணுக்குள் போயிருக்கிறான். போதாக்குறைக்கு அவன் தலையில் வேறொருவர் பெயரையும் கட்டியாயிற்று. கிட்டுசாமி கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதான். அப்பா போன பிறகு அன்றுதான் முதல் தடவை. இரண்டு பேரில் யாருக்காக அழுதான் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது.

மார்கரெட் சும்மா இருக்கவில்லை. பண்ணை இருந்த ஸ்காட்லாந்து ஊர்த் தேவாலயத்துக்குக் கருப்பண்ணன் என்ற பெயரோடு எல்லா விவரமும் எழுதிப் போட்டாள். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இவன் ஏழு வாரத்தைக் கடத்தினான். கட்டுரை எழுதப் போவதாகவும் அதில் அவன் பெயரையும் போடப் போவதாகவும் அவள் சொன்ன அன்று, அதற்கு மேல் முடியவில்லை.

“அந்தச் சுழி நான் போட்டது, மார்கரெட். அதன்மேல் காபி ஒற்றியதும் நான்தான். செத்துப்போனவர் பெயர் எனக்குத் தெரியாது. கருப்பண்ணன் என் அப்பா. நான்தான் அவர் சாவுக்குப் போகவில்லை.”

மார்கரெட்டின் முகம் வெளிறிப்போயிற்று. புத்தகத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் மேஜைமேல் போன் அடித்தது. பார்க்காமலே ஸ்பீக்கரைத் தட்டினாள். ஸ்காட்லாந்தில் அந்தக் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் கிழவி உற்சாகமாகப் பேசினாள்.

“கருப்பண்ணன் என்று பெயர் வெட்டி ஞாயிற்றுக்கிழமை கல் நட்டுவிட்டோம், ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்து நின்றோம், அவருக்குப் பிள்ளை என்று யாராவது இருந்தால், நாங்கள் இருந்தோம் என்று சொல்லிவிடுங்கள்.”